டண்டினோங்கில் ஒரு வீடு, தோர்ண்டன் ஹீத்தில் ஐந்து கதிரை

உலகத்தில் வீடு வாங்கியவர்கள் கோடிக்கணக்கானோர். ஆனால் கண்ணால் காணாத ஒரு வீட்டை, காலால் மிதியாத ஒரு கண்டத்தில், அதிலிருந்து கட்டாயம் நட்டம் வரவேண்டும் என்ற தூய நோக்கத்துடன் வாங்கத் துணிந்தவர்கள் நால்வர்தான். அந்நால்வரும் 2003ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 9ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு, இலண்டன் தோர்ண்டன் ஹீத்தில், செயலாளர் அம்பலவாணனுடைய வீட்டு முன்னறையில் கழகமாகக் கூடினார்கள். சமுகமளித்தோரும் அமர்ந்த இடங்களும் பின்வருமாறு.

தலைவர் நித்தியானந்தன், ஜன்னலோரத்து மெத்தைக் கதிரையில். எத்தனை வீடு வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டால் "ஒண்டு ரெண்டு கிடக்கு" என்று அடக்கமாகச் சொல்பவர். கிடந்தவை ஒன்பது. ஆலோசகர் கிறிஸ்துநாயகம், அறையைச் சூடாக்கும் ரேடியேற்றருக்கு அருகில். மெல்பேர்ணில் நான்கு வருடம் இருந்து, அவுஸ்திரேலியக் குடியுரிமை எடுத்து, பிறகு கலியாணம் முடித்து இலண்டனுக்கு வந்தவர் என்பதால், வெப்ப நாட்டவருக்குரிய மரியாதையுடன் அந்த இடம் அவருக்கு ஒதுக்கப்பட்டது. தொழில்நுட்ப உறுப்பினர் சேகர், பிளக் பொயின்றுக்கு அருகில். கோயம்புத்தூர்க்காரர், சட்டனில் வீடு. அவருடைய மடிக்கணினியின் பற்றரி மூன்று நிமிடத்துக்கு மேல் தாங்காது. செயலாளர் அம்பலவாணன், சாப்பாட்டு மேசையில், பச்சைக் கோப்புக்கு முன்னால்.

ஐந்தாவது கதிரை பொருளாளருக்குரியது. அந்தப் பதவிக்கு ஒருவரை ஒருவர் நம்பாதபடியால் அக்கதிரையைக் காலியாக விடுவதென முதற்கூட்டத்திலேயே ஏகமனதாக முடிவாகியிருந்தது.

செயலாளரின் மனைவி தவநாயகி குசினி வாசலில் நின்றார். நிற்பவர்களைக் கூட்டக் குறிப்பில் சேர்க்க விதியில்லை.

"வீடு வாங்கிறது லாபத்துக்கு எண்டு நினைக்கிறவன் பட்டிக்காட்டான்," என்று கிறிஸ்துநாயகம் தொடங்கினார். "அவுஸ்திரேலியாவிலை விளங்கின ஆக்கள் எல்லாரும் நட்டத்துக்குத்தான் வாங்கினம். வங்கிக்கு நூறு கட்டு. வாடகை எழுபது வரும். முப்பது நட்டம். அந்த முப்பதை உங்கட வருமானத்திலை கழிச்சுப்போட்டு அரசாங்கம் வரியைக் குறைக்கும். நெகட்டிவ் கியரிங் எண்டு பேர்."

"அப்ப நட்டம் கூடக் கூட?" என்றார் தலைவர்.

"நன்மை கூடும்."

தலைவர் கண்களை மூடிக்கொண்டார். இத்தனை வருடம் ஒன்பது வீடுகளிலும் நாகரிகமில்லாமல் இலாபம் எடுத்துவிட்டோமே என்ற வருத்தம் அவருடைய முகத்தில் தெரிந்தது.

"சார், நான் இப்பவே ஷீட்ல போட்டுட்டேன்," என்றார் சேகர். "நஷ்டத்தைப் பச்சையில காட்டறேன். லாபம் வந்தா சிவப்பு. சிவப்பு வந்தா உடனே அலாரம் அடிக்கற மாதிரி பண்ணிடலாம்."

நெகட்டிவ் கியரிங் என்பதற்குத் தமிழில் 'நன்னட்டம்' என்று பெயர் சூட்டலாமென அம்பலவாணன் முன்மொழிந்தார். தமிழுக்குத் தம்மாலான தொண்டு என்று சொல்லித் தலைவர் வழிமொழிந்தார். கைதட்டல்.

அப்போதுதான் குசினி வாசலில் இருந்து ஒரு குரல் வந்தது.

"கிறிஸ்துநாயகம் அண்ணை, ஒரு சின்னச் சந்தேகம். அந்த அரசாங்கத்துக்கு வரி கட்டிறவைக்குத்தானே அவை வரியைக் குறைப்பினம்? நீங்கள் நாலு பேரும் வரி கட்டிறது இஞ்சையெல்லோ?"

 ரேடியேற்றர் இரண்டு தரம் இருமியது. சேகரின் மடிக்கணினி தானாகவே அணைந்தது.

"தங்கச்சி," என்றார் கிறிஸ்துநாயகம், குழந்தையிடம் பேசுகிற கனிவோடு, "இது கொஞ்சம் ஆழமான விசயம்."

'பார்வையாளர் ஒருவரின் வினா, அதன் ஆழம் கருதி ஒத்திவைக்கப்பட்டது' என்று அம்பலவாணன் எழுதிக்கொண்டார். ஒத்திவைப்பு என்ற சொல்லை எழுதும்போதெல்லாம் அவருக்கு மனம் குளிரும். இங்கே ஒரு கவுன்சிலின் தபால் பிரிவில் அவருக்கு வேலை; அங்கேயும் அச்சொல்தான் அதிகம் பயன்பட்டது.

அடுத்து ஆலோசகர் நடைமுறை அறிவுரைகளை வழங்கினார். வீட்டை ஒருபோதும் போய்ப் பார்க்கக் கூடாது. பார்த்தால் மனம் இளகும். குடியிருக்கிறவரின் கடிதத்துக்குப் பதினாலு நாளுக்குள் பதில் போடக் கூடாது, போட்டால் பழக்கமாகிவிடும். வாடகையை வருடத்துக்கு ஒருமுறை கட்டாயம் கூட்ட வேண்டும்.

"கூட்டாட்டி அவை பயந்து போவினம்," என்றார் கிறிஸ்துநாயகம். "வீட்டுக்காரருக்கு ஏதும் வருத்தமோ எண்டு யோசிப்பினம். பாவமெல்லே?"

"அவையின்ர நிம்மதிக்காகத்தான் கூட்டிறது," என்று தலைவர் ஆமோதித்தார். பிறகு, அருகில் தொங்கிய திரைச்சீலையைத் தடவிப் பார்த்தார். வெள்ளைத் துணியில் நீலப் பூப்போட்டது. "தங்கச்சி, உந்தச் சீலை எங்கை வாங்கினனீங்கள்? இதே பூப்போட்டது ஒண்டு முந்தி என்ர வீடொண்டிலை கிடந்தது. பத்து வருஷம் தோய்ச்சும் சாயம் போகேல்லை. அருமையான துணி."

"அப்பிடியே அண்ணை," என்றார் தவநாயகி. தலைவருடைய தேத்தண்ணீரை மட்டும் கையில் கொடுக்காமல் ஜன்னல் படியில் வைத்துவிட்டுப் போனார்.

இவ்விடயம் குறிப்பில் இடம்பெறவில்லை.

வீடு வாங்கப்பட்டது. மெல்பேர்ணில் டண்டினோங், வாட்டில் வீதி, இலக்கம் 17. பத்திரம் கிறிஸ்துநாயகத்தின் பெயரில். கடன் நால்வர் தலையிலும். இலண்டனில் தாங்கள் குடியிருந்த வீடுகளை மறுபடி அடகு வைத்து முன்பணம் அனுப்பினார்கள். சொந்த வீட்டை வங்கிக்குக் கொடுத்துவிட்டு அடுத்தவர் குடியிருக்க ஒரு வீட்டை வாங்குவதன் நுட்பம் எல்லோருக்கும் விளங்காது. தவநாயகிக்கும் விளங்கவில்லை.

நால்வருமாக நோர்தேர்ன் லைன் ரயிலில் ஏறி ஆர்ச்வே முருகன் கோயிலுக்குப் போய் அர்ச்சனைத் தட்டை நீட்டினார்கள்.

"ஆற்றை பேருக்கு?" என்று குருக்கள் கேட்டார்.

"வீட்டின்ர பேருக்கு," என்றார் தலைவர்.

"வீட்டுக்கு என்ன பேர்?"

"பதினேழு."

குருக்கள் இலண்டனில் இருபது வருடம் பூசை செய்தவர். கார்களுக்கும் கடைகளுக்கும் அர்ச்சனை செய்து பழகியவர். கண் சிமிட்டாமல், "நட்சத்திரம்?" என்றார்.

இங்கேதான் சிக்கல் வந்தது. பத்திரத்தில் கையெழுத்து விழுந்தபோது மெல்பேர்ணில் செவ்வாய்க்கிழமை. அதே நேரம் இலண்டனில் இன்னும் திங்கள். நாட்காட்டியின்படி அங்கே உத்தரம், இங்கே பூரம். அர்ச்சனைக்கு நின்ற வரிசை வாசல்வரை நீள, கழகம் அவசரக் கூட்டமொன்றை நடத்தியது. "குழந்தை எங்க பொறந்துதோ அந்த ஊர் நேரம்தான் சார் ஜாதகத்துக்கு," என்ற சேகரின் வாதம் மூன்றுக்கு ஒன்று என்ற வாக்கில் வென்றது. உத்தர நட்சத்திரத்தில் பிறந்த பதினேழுக்கு நீண்ட ஆயுளும் தேக சுகமும் வேண்டி முருகப்பெருமானிடம் விண்ணப்பிக்கப்பட்டது.

வீட்டுக்குள் மனிதர்களும் இருந்தார்கள் என்பது அடுத்த மாதம்தான் தெரியவந்தது.

ஏப்ரலில் அம்பலவாணனுக்கு ஒரு கடிதம் வந்தது. அனுப்பியவர் யசோதினி, இலக்கம் 17, வாட்டில் வீதி. புது வீட்டுக்காரர்கள் தமிழர்கள் என்று ஏஜென்ட் சொன்னதால் தமிழிலேயே எழுதியிருந்தார். கணவர் இல்லை, இரண்டு பிள்ளைகள், மரக்கறி பொதி செய்யும் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை.

அம்பலவாணன் கடிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவருடைய கண்கள் கலங்கின. இடது பக்கம் ஒன்றரை அங்குல ஓரம்! பந்திகளுக்கு இலக்கம்! 'மேற்படி விடயம் தொடர்பாக' என்று தொடங்கி 'தங்கள் கீழ்ப்படிவுள்ள' என்று முடிந்திருந்தது. ஒரு சொல்லின் மேல் இன்னொரு சொல் இல்லை. வெட்டு இல்லை, திருத்தம் இல்லை. நெல்லியடியில் அவர் படித்த சிறிய பள்ளிக்கூடத்தில் கற்பித்த முறை அப்படியே இருந்தது.

"இஞ்சேரும், இதைப் பாரும்," என்று மனைவியை அழைத்தார். "ஒரு பிசகில்லை. இந்தக் காலத்திலை ஆர் இப்பிடி எழுதினம்?"

தவநாயகி நின்றபடியே வாசித்தார். முதலாம் பந்தி: சுடுதண்ணீர்த் தாங்கி வேலை செய்யவில்லை. இரண்டாம் பந்தி: பின்கதவுப் பூட்டு இறுகியிருக்கிறது. மூன்றாம் பந்தி: பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போகக்கூடிய தூரம் என்பதால் இவ்வீட்டில் நீண்ட காலம் இருக்க விரும்புகிறேன். நான்காம் பந்தி: வாடகை ஒருநாளும் பிந்தாது. ஐந்தாம் பந்தி: ஜன்னல்களுக்குத் திரைச்சீலை இல்லாதபடியால் என் செலவில் துணி வாங்கி நானே தைத்துப் போட்டுள்ளேன் என்பதை வீட்டின் நன்மை கருதி அறியத் தருகிறேன்.

தவநாயகி ஐந்தாம் பந்தியை இரண்டாம் தரமும் வாசித்தார்.

"உடனை பதில் போடுங்கோ," என்றார்.

அம்பலவாணன் நாட்காட்டியில் பதினாலு நாள் எண்ணினார். பதினைந்தாம் நாள் அழகானதொரு பதிலை எழுதினார். 'தங்கள் கடிதம் கிடைக்கப் பெற்றது. அதன் உள்ளடக்கம் கழகத்தின் கவனத்துக்கு எடுக்கப்பட்டது.'

மே மாதம் இரண்டாம் கடிதம் வந்தது. ஓரம் முன்னையதைப் போலவே ஒன்றரை அங்குலம். பதிலும் போயிற்று. ஜூலையில் மூன்றாவது. அங்கே அது குளிர்காலம்.

"தண்ணி சுட்டுதாமோ?" என்று தவநாயகி கேட்டார்.

"கவனத்திலை எடுத்தாச்சு."

"கவனத்தை வாளியிலை நிரப்பிக் குளிக்க ஏலுமோ?"

"நீர் ஒண்டை விளங்கிக்கொள்ளும். தாங்கி திருத்திறது செலவு. செலவு செய்தா நட்டம் வரும். நட்டம் நல்லதுதான். ஆனா தாங்கியிலை வாற நட்டம் சின்ன நட்டம். கழகம் பெரிய நட்டத்துக்குப் பொறுமையாக் காத்திருக்குது."

தவநாயகி அவரை ஒரு கணம் பார்த்தார். இருபது வருடம் குடும்பம் நடத்திய பெண் கணவனுக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்க்கிற பார்வை அது.

நவம்பர் 9ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை, அதே நேரம், அதே இடங்கள். சேகர் மடிக்கணினியைத் திறந்ததும் அது வீரிட்டது. அலாரம்.

"சார், கொஞ்சம் சீரியஸான விஷயம்," என்றார் சேகர். "திரை பூரா சிவப்பு."

தலைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "லாபமோ?"

"இன்னும் லாபம் ஆகல சார், இது முன்னெச்சரிக்கை. ஆனா நஷ்டம் குறைஞ்சுகிட்டே வருது. இப்படியே போனா மார்ச்ல சமமாயிடும். அப்புறம்..." சேகரால் சொல்லி முடிக்க முடியவில்லை.

"காரணம் என்ன?" என்று கிறிஸ்துநாயகம் அதட்டினார்.

"அந்த யசோதினியம்மாதான் சார். ஒவ்வொரு மாசமும் முதல் தேதி டாண்ணு வாடகை வந்துடுது. நாம கூட்டினோம், கூட்டினதையும் குடுத்துட்டாங்க. ரிப்பேர் ஒண்ணும் பண்ணாததால செலவும் இல்ல. நம்ம நஷ்டத்தை இந்தம்மாதான் சார் சாப்பிட்டுட்டு இருக்காங்க."

முன்னறையில் ஒரு துயரம் கவிந்தது. ஒரு விதவைப் பெண், இரண்டு பிள்ளைகளோடு, ஷிப்டுக்குப் போய் உழைத்து, நான்கு ஆண்களின் நட்டத்தை மெல்ல மெல்ல அரித்துக்கொண்டிருந்திருக்கிறார்! அவர்கள் சந்தேகப்படவேயில்லை.

"எனக்கு அப்பவே தெரியும்," என்றார் தலைவர். "ஒழுங்கா வாடகை குடுக்கிற ஆக்களை நம்பக் கூடாது."

"வழி இருக்குது," என்றார் கிறிஸ்துநாயகம். "அவவை வீட்டாலை எழுப்பி அனுப்பிப்போட்டு வீட்டை உடைச்சுத் திருத்துவம். ஆறு மாசம் வீடு சும்மா கிடக்கும். வாடகை இல்லை. புதுக் குளியலறை, புதுக் குசினி. நட்டம் சும்மா ஆறா ஓடும். பிறகு ரெண்டு மடங்கு வாடகைக்கு விடலாம்."

"ரெண்டு மடங்கு வாடகை வந்தா லாபமாகிடாதா சார்?" என்று சேகர் பதறினார்.

"அப்ப திரும்பவும் எழுப்புவம்."

குசினி வாசலில் இருந்து தவநாயகி சொன்னார்: "நீங்கள் ஒத்திவைச்ச கேள்வி ஒண்டு கிடக்கு. இந்த நட்டத்தாலை உங்களிலை ஆருக்கு வரி குறைஞ்சது?"

"தங்கச்சி," என்றார் கிறிஸ்துநாயகம், "அது இன்னும் ஆழத்திலைதான் கிடக்கு."

சட்டப்படியான படிவத்தை ஏஜென்ட் நிரப்பிக் கொடுப்பார். ஆனால் அதற்கு முன் கழகத்திடமிருந்து மரியாதையாக ஒரு கடிதம் போக வேண்டும், தமிழர்களுக்குள் ஒரு முகத்தாட்சணை இருக்கிறதல்லவா என்று தலைவர் கருதினார். எல்லோரும் அம்பலவாணனைப் பார்த்தார்கள்.

அம்பலவாணன் பச்சைக் கோப்பைத் தன் பக்கம் இழுத்தார். அது அவருடைய வாழ்நாள் சேமிப்பு: மாதிரிக் கடிதங்கள். விண்ணப்பம், முறைப்பாடு, அனுதாபம், மன்னிப்பு எனப் பதினைந்து பிரிவுகள். கடிதம் எழுதுவதில் பள்ளிக்கூடம் அவருக்குக் கற்பித்த விதி ஒன்றுதான்: சிறந்த கடிதம் ஒன்று கைக்கு வந்தால் அதைப் பத்திரப்படுத்து, தேவை வரும்போது பெயரையும் திகதியையும் மாற்று, வேறெதிலும் கை வைக்காதே. இந்த விதியால் அவருடைய கடிதத்தில் பிழை வந்ததாக எவரும் சொன்னதில்லை.

பதினாலாம் பிரிவில் ஒரே ஒரு கடிதம்தான் இருந்தது. அதைப் பெயரும் திகதியும் வரும் இடங்களில் புள்ளி போட்டு, சுத்தப் பிரதியாகவும் எழுதி வைத்திருந்தார். ஆங்கிலத்தில் இருந்த அந்தப் பிரதியைத் தலைவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். அதன் சாரம் இது:

'அன்புள்ள ...... அவர்கட்கு. மேற்படி வீட்டின் மேம்பாடு கருதி, தாங்கள் அதனை ...... ஆம் திகதிக்கு முன்னர் வெறிதாக்கி ஒப்படைக்க வேண்டியுள்ளதை மிக்க வருத்தத்துடன் அறியத் தருகிறேன். தாங்கள் வாடகையை ஒழுங்காகச் செலுத்தி வந்தமையை நன்றியுடன் நினைவுகூர்கிறேன். வாசற்கதவுப் பூட்டின் திறப்பைத் தபால் துவாரத்தினூடாகப் போடவும். திரைச்சீலைகள் வீட்டைச் சேர்ந்தவை; அவற்றை விட்டுச் செல்லவும். தங்கள் உண்மையுள்ள ......'

"ஆகா!" என்றார் நித்தியானந்தன். "ஆகாகா! என்ன இங்கிலிஷ்! எவ்வளவு பண்பு! வெட்டினது தெரியாமல் வெட்டிறது இதுதான். உந்தத் திரைச்சீலை வசனம் இருக்கே, அது ஒரு முத்து. ஆர் எழுதினது? பெரிய வக்கீல் ஆராவதோ?"

அம்பலவாணன் தொண்டையைச் செருமினார். "தாங்கள்தான்."

"நானோ?"

"தொண்ணூறாம் ஆண்டு நவம்பர். எனக்கு எழுதினது."

சேகர் கணினியின் திரையைப் பார்த்தார். கிறிஸ்துநாயகம் ரேடியேற்றரைப் பார்த்தார். தலைவர் மட்டும் தொடையில் அடித்துச் சிரித்தார்.

"என்னப்பா! அந்த முறை எழுப்பினது உங்களையோ? எனக்குத் துப்பரவா மறந்து போச்சு! எத்தினை பேர் வந்தவை, போனவை. பிறகு என்ன செய்தனீங்கள்?"

"ஜனவரியிலை வெளிக்கிட்டம். பிள்ளைக்கு நாலு மாசம். மச்சானின்ர வீட்டு ஹோலிலை எட்டு மாசம் கிடந்தம். பிறகு பகல் ஒரு வேலை, விடியப்பறம் ஒரு வேலை. தொண்ணூற்றிரண்டிலை இந்த வீடு."

"பாத்தியளே!" தலைவர் எழுந்தே விட்டார். "நான் எழுப்பியிருக்காட்டி நீங்கள் இண்டைக்கும் வாடகை வீட்டிலைதான்! எழுப்பினபடியால்தான் வீட்டுக்காரன் ஆனனீங்கள். வீட்டுக்காரன் ஆனபடியால்தான் இண்டைக்கு இந்தக் கழகத்துக்குச் செயலாளர். நான் உங்களுக்குச் செய்த உதவியை நானே மறந்து போனன் பாருங்கோ!"

"நீங்கள் சொல்லிக் காட்டிற ஆளில்லை அண்ணை," என்றார் கிறிஸ்துநாயகம்.

"அந்தப் பிள்ளை யசோதினிக்கு மட்டும் அந்த உதவியை நாங்கள் செய்யாமல் விடுறதே? எங்கட தமிழ்ப் பிள்ளையெல்லே!"

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. குடியிருப்பவரின் எதிர்கால நன்மை கருதி, 2004 ஜனவரி 31ஆம் திகதிக்கு முன் அவர் வீட்டைவிட்டு உயர்த்தப்படுவார். சேகர் ஒரு பொத்தானை அழுத்தினார். திரை பூராவும் பச்சையாகப் பூத்தது.

அவர்கள் போனபின், தவநாயகி குசினி வாசலில் இருந்து வந்து பொருளாளரின் கதிரையில் அமர்ந்தார். கழகத்தின் வரலாற்றில் அக்கதிரையில் ஒருவர் அமர்ந்தது அதுவே முதல் தடவை.

அம்பலவாணன் மைப்பேனாவைத் திறந்து, ஒன்றரை அங்குல ஓரம் விட்டு, எழுதத் தொடங்கியிருந்தார். யசோதினி போன்ற ஒருவருக்கு ஓரம் சரியில்லாத கடிதம் போகக்கூடாது.

"பிள்ளையள் நடந்து பள்ளிக்கூடம் போகினம் எண்டு எழுதியிருந்தவள்," என்றார் தவநாயகி.

"மூன்றாம் பந்தி," என்றார் அம்பலவாணன், தலை நிமிராமல்.

"அங்கை ஜனவரி கடைசியிலை பள்ளிக்கூடம் தொடங்கும். அந்த நேரம் பாத்து எங்கை போவாள்?"

"அதுக்குத்தானே இப்பவே அறிவிக்கிறம். எங்களுக்கு இவ்வளவு கால அவகாசம் தரேல்லை. நான் திகதியை எவ்வளவு யோசிச்சுப் போட்டிருக்கிறன் எண்டு பாரும்."

 பேனா காகிதத்தில் ஊர்ந்தது. நன்றியுடன் நினைவுகூர்கிறேன். திறப்பைத் தபால் துவாரத்தினூடாக.

"இஞ்சருங்கோ. நான் வேறொண்டும் கேக்கேல்லை. அந்தக் கடைசி வசனத்தையெண்டாலும் வெட்டுங்கோ."

"எதை?"

"உங்களுக்குத் தெரியும்."

பேனா நின்றது. அம்பலவாணனுக்கு நன்றாகவே தெரியும். தொண்ணூறாம் ஆண்டு, வயிற்றில் பிள்ளையோடு, கிங்ஸ்டன் சந்தையில் மிச்சத் துணி வாங்கி, பக்கத்து வீட்டுக் கிழவியின் தையல் மெசினில் தவநாயகி ஒரு கிழமை இருந்து தைத்தது. வெள்ளையில் நீலப்பூ. கடிதத்தில் 'வீட்டைச் சேர்ந்தவை' என்று இருந்ததை வாசித்துவிட்டு, பயத்தில், கொழுவியபடியே விட்டுவிட்டு வந்தார்கள். இந்த வீட்டுக்கு வந்ததும் தவநாயகி முதலில் செய்த வேலை, அதே பூப்போட்ட துணியைத் தேடி மூன்று சந்தை அலைந்ததுதான்.

"மாதிரிக் கடிதத்திலை கை வைக்கேலாது," என்றார் மெதுவாக. "பெயரும் திகதியும் மட்டுந்தான். ஒரு வசனத்தை எடுத்தா முழுக் கடிதமும் ஆடிப்போகும்."

"அவள் தைச்சதப்பா. ஷிப்ட் முடிஞ்சு வந்து கை உளைய உளைய தைச்சிருப்பாள்."

"தைச்சவள் எண்டு ஐந்தாம் பந்தியிலை தானே எழுதித் தந்திருக்கிறாள். 'வீட்டின் நன்மை கருதி' எண்டு. அப்ப வீட்டுக்குத்தானே? எழுத்திலை இருக்குது."

இவ்வளவு கச்சிதமான பதில் தனக்கு எங்கிருந்து வந்தது என்று அம்பலவாணனே வியந்தார். ஆலோசகர்கூட இப்படிச் சொல்லியிருக்க மாட்டார்.

தவநாயகி எழுந்தார். பொருளாளரின் கதிரையை ஜன்னலடிக்கு இழுத்துப் போட்டு அதன்மேல் ஏறி, திரைச்சீலையின் கொளுக்கிகளை ஒவ்வொன்றாகக் கழற்றத் தொடங்கினார்.

"என்னப்பா செய்யிறீர்? தெருவிலை போற எல்லாருக்கும் வீடு தெரியப்போகுது!"

"தெரியட்டும். நீங்கள் இந்த வீட்டையும் வங்கியிலை வைச்சிருக்கிறியள். ஆர் எப்ப எழுப்புவினமோ தெரியாது. அந்த முறை விட்டிட்டு வந்தனான். இந்த முறை விடமாட்டன்."

நீலப்பூக்கள் மடிந்து மடிந்து தரையில் விழுந்தன. அம்பலவாணன் கடிதத்தை முடித்தார். வாசித்துப் பார்த்தார். பிசகு இல்லை. மூன்றாக மடித்து விமானத் தபால் உறையில் வைத்தார். உறையின் பசையை நனைப்பதும் முத்திரை ஒட்டுவதும் எப்போதும் தவநாயகியின் வேலை. கதிரையில் நின்றவர் திரும்பிப் பார்க்கவில்லை. அம்பலவாணன் தானே நாக்கால் நனைத்து ஒட்டினார். கசந்தது. முத்திரையில் இராணியின் தலையை நேராக வைத்து, நான்கு மூலையும் அழுத்தினார்.

தெருமுனையில் சிவப்புத் தபாற்பெட்டி இருந்தது. நவம்பர் மாலை நாலரைக்கே இருட்டிவிட்டது. அங்கே நின்று ஒருமுறை திரும்பிப் பார்த்தார். திரையில்லாத ஜன்னலுக்குள் மின்குமிழ் எரிந்தது. உள்ளே அத்தனையும் தெரிந்தது. ஐந்து கதிரை, பச்சைக் கோப்பு, துணியை மடித்துக்கொண்டிருந்த ஒரு பெண். நூற்றி ஒன்பதாம் இலக்க பஸ்ஸின் மேல்தட்டில் போனவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டு போனார்கள்.

உறையைப் பெட்டிக்குள் போட்டார். அது அடியில் விழுகிற ஓசை கேட்டது. அவருடைய பள்ளிக்கூடம் வாழ்க. பதின்மூன்று வருடத்துப் பழைய கடிதத்தில் அவர் பெயரையும் திகதியையும் மட்டுமே மாற்றியிருந்தார். மேலே 'அன்புள்ள'வுக்குப் பக்கத்தில் இருந்த அம்பலவாணன் கீழே 'உண்மையுள்ள'வுக்குப் பக்கத்தில் வந்திருந்தார். வேறு ஒரு சொல்லையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை.